மலைக்கு அடியில் 57 கிலோமீட்டர்: வாசகர் கேள்வி – பதில்

சுவிட்சர்லாந்தில் 2016 ஜூன் 1 அன்று திறக்கப்பட்ட 57.1 கி.மீ. நீளமுள்ள கோத்தார்ட் அடிவாரச் சுரங்கத்தைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: அதே மலையில் 1882-லேயே ரயில் சுரங்கம் போட்டுவிட்டார்களே, பிறகு எதற்கு இன்னொன்று?

பழைய சுரங்கம் 15 கி.மீ. தான். ஆனால் அது இருப்பது மலையின் பாதி உயரத்தில். அதன் உச்சிப் புள்ளி கடல்மட்டத்திலிருந்து 1,151 மீட்டர். அந்த வாசலை எட்டவே ரயில் சுழல் சுரங்கங்களுக்குள் சுற்றிச் சுற்றி ஏற வேண்டும். பாரமான சரக்கு ரயில் என்றால் கூடுதல் இன்ஜின் மாட்டியாக வேண்டும். புதிய சுரங்கத்தின் உச்சி 549 மீட்டர்தான். ஏறத்தாழ சமதளம் போலவே மலையைக் கடந்துவிடலாம்.

விலை வேறு விதத்தில் வந்து சேர்கிறது. மலையின் அடிவாரத்தில் நுழைந்தால் சுரங்கம் நீளும், தலைக்கு மேல் இருக்கும் பாறையும் கூடும். கோத்தார்டில் அது சில இடங்களில் 2,300 மீட்டர். சூடு, நீரழுத்தம், பாறை நெருக்கம் என்று இனி வரும் தொல்லைகள் அத்தனைக்கும் அந்த எண்தான் காரணம்.

கேள்வி: இரண்டு தண்டவாளமும் போகிற மாதிரி ஒரே பெரிய குழாயாகத் தோண்டினால் செலவு குறையாதா?

குட்டையான சுரங்கத்தில் குறையலாம். நீண்ட சுரங்கத்தில் இரண்டாவது குழாய்தான் தப்பிக்கும் வழி. ஒன்றில் புகை சூழ்ந்தால் மற்றொன்றில் நல்ல காற்று இருக்கும். கோத்தார்டில் இரண்டு குழாய்களுக்கும் இடையே சுமார் 40 மீட்டர் பாறை. ஏறத்தாழ 325 மீட்டருக்கு ஒரு குறுக்குப் பாதை இரண்டையும் இணைக்கிறது. ஐரோப்பிய விதிப்படி 500 மீட்டருக்கு ஒன்று இருந்தாலே போதும்.

இன்னொரு காரணம் பாறையே. வெட்டிய வெளி அகலமாக அகலமாக, அதைத் தாங்கி நிறுத்துவது கடினமாகிக்கொண்டே போகும். மோசமான பாறையில் இரண்டு சிறிய குழாய்களைக் காப்பாற்றலாம். ஒரு பெரிய குழாயைக் காப்பாற்றுவது நிச்சயமில்லை. இது புதிய யோசனையும் அல்ல. சுவிட்சர்லாந்தையும் இத்தாலியையும் இணைக்கும், 1906-ல் திறந்த சிம்ப்ளான் சுரங்கத்தில் 17 மீட்டர் தள்ளி ஒரு துணைக் குழாயைக் கூடவே தோண்டிக் காற்றுக்கும் நீர் வடியவும் வைத்துக்கொண்டார்கள். பிறகு அதையே அகலப்படுத்தி இரண்டாம் ரயில் பாதையாக்கினார்கள்.

கேள்வி: துளைப்பு இயந்திரமா, வெடிவைப்பா? இந்தக் காலத்திலும் ஏன் வெடி வைக்கிறார்கள்?

இயந்திரம் வேகமானது, ஆனால் பிடிவாதக்காரன். ஒரே விட்டம், ஒரே திசை, பின்னால் போக முடியாது. கோத்தார்டில் ஓடியவை கிட்டத்தட்ட 9 மீட்டர் விட்டமும், பின்னால் இழுத்துவரும் வண்டித்தொடரோடு சேர்த்து 400 மீட்டருக்கு மேல் நீளமும் கொண்டவை. முன்தலையில் உள்ள எஃகு வட்டத்தகடுகள் பாறையின் மேல் உருண்டு அழுத்தும்போது, இரண்டு தடங்களுக்கு நடுவில் உள்ள பாறை சில்லுகளாகப் பெயர்ந்து விழும். அழுத்தத்துக்கு எதிர்ப்பிடி வேண்டுமே, அதற்காக இரு பக்கமும் காலணி போன்ற பெரிய பலகைகளைச் சுரங்கச் சுவரில் உதைத்துக்கொண்டு இயந்திரம் முன்னே தள்ளும். குவார்ட்ஸ் அதிகமுள்ள கிரானைட்டில் தகடுகள் சீக்கிரம் தேயும். ஒவ்வொரு நாளும் சில மணி நேரம் இயந்திரத்தை நிறுத்தித் தகடுகளைப் பார்த்து மாற்றுவதற்கே போய்விடும்.

சுவர் உறுதியாக இருந்தால்தான் உதைக்க முடியும். நொறுங்கிய பாறையில் காலணி புதையும், தலைக்கு முன்னால் கல் கொட்டி முன்தலை சுற்றவே மறுக்கும். 2005-ல் ஆம்ஸ்டெக் பகுதியில் ஓர் இயந்திரம் இப்படித்தான் மாட்டியது. பக்கத்துக் குழாயிலிருந்து எதிர்ப்புறமாக ஒரு சிறு சுரங்கம் வெட்டிப் போய், தளர்ந்த பாறையைக் கெட்டிப்படுத்தி விடுவிக்க ஏறக்குறைய ஐந்து மாதம் ஆயிற்று. இமயமலையில் ரிஷிகேஷ்–கர்ணபிரயாக் பாதையின் 14.57 கி.மீ. சுரங்கத்துக்கு வேறு வகை இயந்திரத்தைத் தேர்ந்ததற்கும் இதே விஷயம்தான் காரணம். அங்கே இயந்திரம் ஓர் எஃகு உறைக்குள் இருந்தபடி, பின்னால் கான்கிரீட் துண்டுகளை வளையமாக அடுக்கிக்கொண்டே போனது. சுவரை விட்டுவிட்டு அந்த வளையத்தையே உதைத்து முன்னேறியது.

வெடிவைப்பு மெதுவானது. முகப்பில் நூறுக்கும் மேற்பட்ட துளைகள், ஒவ்வொன்றும் 3 முதல் 4 மீட்டர் ஆழம். நடுவில் உள்ளவை முதலில் வெடித்து ஒரு குழியை உண்டாக்கும். சுற்றியுள்ளவை மில்லிசெகண்ட் இடைவெளியில் அந்தக் குழியை நோக்கிப் பாறையைச் சரிக்கும். ஓரத் துளைகள் கடைசியில், குறைந்த மருந்தோடு. பிறகு புகையை வெளியேற்றி, தொங்கும் கற்களைத் தட்டி இறக்கி, கல்லை அள்ளி, சுவரில் கான்கிரீட் தெளித்து, பாறை ஆணி அடித்துவிட்டுத்தான் அடுத்த சுற்று. அவசரப்பட்டுத் தொங்கும் கல்லை இறக்காமல் விடுவதுதான் இந்த வேலையில் ஆளைக் கொல்லும் தவறு. ஆனால் வெட்டும் வடிவத்தையும் தாங்கும் முறையையும் ஒவ்வொரு சுற்றிலும் மாற்றிக்கொள்ளலாம். குறுக்குப் பாதைகள், நிலத்தடி நிலையங்கள், பாறை மோசமான பகுதிகள் எல்லாவற்றுக்கும் வெடிதான்.

கேள்வி: பாறை தானாக நெருங்கி வந்து சுரங்கத்தை மூடும் என்று எழுதியிருந்தீர்கள். நம்ப முடியவில்லை.

நம்புங்கள். மென்மையான, அடுக்கடுக்காக நொறுங்கிய பாறைக்கு மேல் பல நூறு மீட்டர் எடை உட்கார்ந்திருந்தால், வெட்டிய வெளியை நோக்கி அது நாள்கணக்கில், வாரக்கணக்கில் நகரும். கோத்தார்டின் செட்ரூன் பகுதியில் இந்த நகர்வு சில இடங்களில் 70 செ.மீ. அளவுக்குப் போனது. விறைப்பான வளைவு போட்டு எதிர்த்து நின்றால் எஃகு மடங்கிவிடும். அங்கே விட்டுக்கொடுத்துப் பிடித்தார்கள். வளைவுகளைத் துண்டுகளாக, ஒன்றன் மேல் ஒன்று ஏறும்படி மாட்டி, கிடுக்கிகளால் இறுக்கினார்கள். பாறை தள்ளத் தள்ள துண்டுகள் சறுக்கி வட்டம் சுருங்கும். போதுமான அளவு சுருங்கி அழுத்தம் இறங்கிய பிறகுதான் கான்கிரீட்டால் இறுக்கிப் பூட்டுவது. சுருங்கப்போகும் அளவைக் கணக்கிட்டு முதலிலேயே பெரிதாக வெட்ட வேண்டும். அங்கே 13 மீட்டர் வரை விட்டம் வெட்டினார்கள். கணக்கு குறைந்துவிட்டால் ரயில் போக வேண்டிய இடத்துக்குள் சுவர் நீட்டிக்கொண்டிருக்கும். மறுபடி செதுக்க வேண்டியதுதான்.

கேள்வி: உள்ளே எவ்வளவு சூடு? தொழிலாளர்கள் எப்படித் தாங்குகிறார்கள்?

கோத்தார்டில் பாறையின் வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. சிம்ப்ளானில் 55 டிகிரி வரை பார்த்தார்கள். சூடான ஊற்றுகளும் வந்தன. அங்கே பாறை மேல் குளிர்ந்த நீரைப் பீய்ச்சித்தான் வேலை நடந்தது. இன்றைய சுவிஸ் விதிப்படி வேலையிடத்தில் காற்று 28 டிகிரிக்கு மேல் போகக்கூடாது. பாறையோடு இயந்திரங்களின் மோட்டார் சூடும், கான்கிரீட் இறுகும்போது வரும் சூடும் சேரும். காற்று மட்டும் போதாது. வெளியே குளிர்வித்த நீரைக் குழாயில் அனுப்பி முகப்புக்கு அருகில் காற்றைக் குளிர்விக்கிறார்கள்.

பழைய கோத்தார்டில் இதெல்லாம் இல்லை. சூடு, ஈரம், கழிப்பிட வசதியின்மை மூன்றும் சேர்ந்து கொக்கிப்புழு பெருகியது. 1880 வாக்கில் தொழிலாளர்களிடம் கொத்துக்கொத்தாக வந்த இரத்தசோகைக்கு அந்தப் புழுவே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். கட்டுமானத்தை ஏற்ற லூயி ஃபாவ்ர் 1879-ல் சுரங்கத்துக்குள்ளேயே உயிரிழந்தார்.

கேள்வி: மலைக்குள் இருக்கும் தண்ணீர்தான் பெரிய எதிரி என்கிறார்களே?

ஆம். எங்களைக் கேட்டால் பாறையின் கடினம் இரண்டாம் பட்சம்தான். 100 மீட்டர் உயர நீர்த்தம்பம் சுமார் 10 பார் அழுத்தம் (ஒரு பார் என்பது ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). தலைக்கு மேல் 1,000 மீட்டர் நீர் தேங்கிய விரிசல் இருந்தால் 100 பார். அந்த அழுத்தத்தோடு மணலும் சேர்ந்து வந்தால் ஆளும் இயந்திரமும் நிற்க முடியாது.

1908 ஜூலை 24 அன்று சுவிட்சர்லாந்தின் லோட்ச்பெர்க் ரயில் சுரங்கத்தில் காஸ்டர்ன் பள்ளத்தாக்கின் அடியில் வெடி வைத்தபோது நல்ல பாறை முடிந்து, ஆற்று வண்டல் உள்ளே கொட்டியது. 25 பேர் இறந்தார்கள். அந்தப் பகுதியை அப்படியே சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, பாதையை வளைத்துக் கொண்டுபோனார்கள். பள்ளத்தாக்கின் கீழே பாறை எவ்வளவு ஆழத்தில் தொடங்குகிறது என்று துளையிட்டுப் பார்க்காததன் விலை அது.

கோத்தார்டில் அந்த அச்சம் பியோரா பகுதியைப் பற்றி இருந்தது. அங்கே டோலமைட் பாறை சர்க்கரைத் தூள்போல உதிர்ந்து நீரில் ஊறிக் கிடந்தது. 1996-ல் ஆய்வுத் துளை ஒன்றிலிருந்து நீரும் தூளும் பீய்ச்சியடித்து ஆய்வுச் சுரங்கத்தை நிரப்பின. பிறகு இன்னும் ஆழமாகத் துளையிட்டுப் பார்த்ததில், சுரங்கம் போகும் மட்டத்தில் அதே பாறை உலர்ந்தும் கெட்டியாகவும் இருந்தது. மேலேயுள்ள ஜிப்சம் அடுக்கு நீரைத் தடுத்திருந்தது. 2008-ல் இயந்திரம் அதைத் தொல்லையில்லாமல் கடந்தது. ஆழ்துளைகளுக்குச் செலவு அதிகம்தான். அவை இல்லாமல் அந்த வழியைத் தேர்ந்திருக்கவே முடியாது.

தோண்டும்போதும் முகப்புக்கு முன்னால் நீண்ட ஆய்வுத்துளை போட்டுக்கொண்டே போக வேண்டும். துளையின் வாயில் எண்ணெய்க் கிணற்றில் உள்ளதுபோல அடைப்பு வால்வு பொருத்தியிருக்க வேண்டும். நீர் வந்தால் அடைத்துவிட்டு, சுற்றிலும் சிமெண்ட் பாலைச் செலுத்தி விரிசல்களை மூடி, மறுபடி துளையிட்டுக் கசிவை அளந்த பிறகே முன்னேறுவது.

கேள்வி: சுரங்கம் தோண்டினால் மேலே இருக்கும் அணைக்கட்டு பாதிக்குமா?

பாதிக்கும், நேர் மேலே இல்லாவிட்டாலும் பாதிக்கும். 1978-ல் சுவிட்சர்லாந்தின் சியூசியே வளைவு அணை திடீரென வழக்கத்துக்கு மாறாக நகரத் தொடங்கியது. ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி, ராவில் சாலைச் சுரங்கத்துக்காக ஓர் ஆய்வுப் பாதை தோண்டிக்கொண்டிருந்தார்கள். அது மலைக்குள்ளிருந்த நீரை வடித்துவிட்டது. விரிசல்களில் நீரழுத்தம் குறைந்ததும் பாறை சுருங்கி இறங்க, அணையின் அடித்தளமும் சுமார் 13 செ.மீ. இறங்கி அணையில் வெடிப்புகள் விழுந்தன. நீர்த்தேக்கத்தைக் காலி செய்து பழுதுபார்க்க வேண்டியதாயிற்று. கோத்தார்ட் வழியின் மேலே நால்ப்ஸ், குர்னேரா, சாண்டா மரியா என்று மூன்று அணைகள். ஆகவே தோண்டத் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மேற்பரப்பின் அசைவை அளக்க ஆரம்பித்துவிட்டார்கள். வெயிலுக்கும் பனிக்கும் பள்ளத்தாக்கு இயல்பாக எவ்வளவு அசைகிறது என்று தெரிந்தால்தான் சுரங்கத்தால் வந்த அசைவைப் பிரித்துப் பார்க்க முடியும்.

கேள்வி: இரு பக்கமிருந்தும் தோண்டி நடுவில் சரியாகச் சந்திப்பது எப்படி?

2010 அக்டோபர் 15 அன்று கிழக்குக் குழாயில் சந்தித்தபோது பக்கவாட்டில் 8 செ.மீ., உயரத்தில் 1 செ.மீ. பிழை. 1880-ல் பழைய சுரங்கத்தில் 33 செ.மீ., 5 செ.மீ. இந்த நூற்றாண்டின் கருவிகளோடு ஒப்பிட்டால் எங்களுக்கு அந்தப் பழைய எண்தான் பெரிய வியப்பு.

வெளியே செயற்கைக்கோள் அளவை உண்டு. உள்ளே அது எட்டாது, தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியை வைத்துப் புள்ளிக்குப் புள்ளி தாவித்தான் போக வேண்டும். சூடான சுவருக்கு அருகே ஒளிக்கதிர் வளைவது பிழையின் முதல் ஊற்று. கருவியைச் சுவரோரம் வைக்காமல் மாற்றி மாற்றி வைப்பதும், கைரோ கருவியால் வடதிசையை நேரடியாகப் பிடித்துச் சரிபார்ப்பதும் அதற்கு மருந்து. மலையின் நிறை தூக்குக்குண்டையே தன் பக்கம் இழுக்கும், அதற்கும் கணக்கில் திருத்தம் உண்டு. செட்ரூனில் 800 மீட்டர் ஆழச் செங்குத்துக் கிணறு வழியாக இறங்கி நடுவிலிருந்து இரு பக்கமும் தோண்டியதால், மேலேயுள்ள திசையைக் கீழே இறக்குவது தனி வேலை.

கேள்வி: தோண்டிய கல் எல்லாம் எங்கே போனது?

2 கோடியே 82 லட்சம் டன். ஒரு பகுதி உடைத்துச் சலித்து அதே சுரங்கத்தின் கான்கிரீட்டுக்கு ஜல்லியானது. இயந்திரம் பெயர்க்கும் சில்லு தட்டையாக இருக்கும், அபிரகமும் (மைக்கா) கலந்திருக்கும், அப்படியே போட்டால் கான்கிரீட் நன்றாக வராது. இன்னொரு பகுதி ஊரி ஏரியில் ராய்ஸ் ஆறு கலக்கும் இடத்தில் தீவுகளும் ஆழமற்ற கரைகளும் அமைக்கப் போயிற்று.

கேள்வி: நடுவழியில் ரயில் தீப்பிடித்தால்?

முதல் விதி: நிற்கக்கூடாது. பயணி அபாயச் சங்கிலியை இழுத்தாலும் ஓட்டுநர் அதை மீறி வண்டியை ஓட்ட வழி இருக்க வேண்டும். நீண்ட சுரங்கத்தில் ஓடும் பயணி ரயில், தீப்பிடித்த நிலையிலும் 80 கி.மீ. வேகத்தில் 15 நிமிடம் ஓட வேண்டும் என்கிறது ஐரோப்பிய விதி. கணக்குப் போட்டால் 20 கி.மீ. கோத்தார்டில் செட்ரூன், ஃபைடோ என்ற இரண்டு அவசர நிறுத்தங்கள் 57 கி.மீ. நீளத்தை ஏறக்குறைய மூன்று பங்காகப் பிரிப்பது தற்செயல் அல்ல.

அங்கே ரயில் நின்றதும் பக்கவாட்டுக் கதவுகள் திறக்கும். கதவுக்கு அப்பால் புதிய காற்றை அழுத்தத்தோடு செலுத்துகிறார்கள். ஆகவே கதவு திறந்திருந்தாலும் காற்று ரயில் பக்கம் பாயுமே தவிர, புகை பயணிகள் பக்கம் வராது. மேலே உள்ள துவாரங்கள் புகையை உறிஞ்சி வெளியே தள்ளும். பயணிகள் மற்றக் குழாய்க்குப் போய், மீட்பு ரயிலில் ஏறுவார்கள். தவறினால் ஆபத்து எங்கே? எதிர்க் குழாயில் ஓடும் ரயில்களை உடனே கட்டுப்படுத்தாவிட்டால் அவை தள்ளிவரும் காற்று இந்த அழுத்தக் கணக்கைக் கலைத்துவிடும். அதனால்தான் மின்விசிறி, கதவு, சிக்னல் மூன்றையும் ஒரே நிகழ்வுத் திட்டத்தில் பிணைத்து வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: இவ்வளவு இருந்தும் 2023-ல் ஓராண்டு பாதி மூடிக் கிடந்ததே?

ஆகஸ்ட் 10 அன்று ஒரு சரக்கு வண்டியின் சக்கரம் சோர்வு வெடிப்பால், அதாவது திரும்பத் திரும்ப ஏறும் சுமையால் உலோகத்தில் வளரும் வெடிப்பால், உடைந்தது. உடைந்த சக்கரத்தோடு ரயில் கிலோமீட்டர்கணக்கில் ஓடி, ஃபைடோவில் பாதை மாறும் இடத்தில் 16 வண்டிகள் தடம் புரண்டன. ஏறத்தாழ 7 கி.மீ. பாதை நாசம். அதைவிடத் தொல்லை, இரு குழாய்களையும் பிரிக்கும் பெரிய கதவு சிதைந்தது. கதவு இல்லாவிட்டால் புகையைப் பிரித்து வைக்க முடியாது. அந்தத் திறப்பை அடைத்த பிறகே மற்றக் குழாயில் சரக்கு ரயில்களை விட முடிந்தது. முழுமையாகத் திறந்தது 2024 செப்டம்பர் 2.

வாசலுக்கு முன்னால் சூடேறிய ஆக்சில், இறுகிய பிரேக், தீ, சாய்ந்த சரக்கு எல்லாவற்றையும் கண்டுபிடிக்கும் கருவிகள் உண்டு. சக்கரத்துக்குள் வளரும் வெடிப்பை அவை பார்ப்பதில்லை. அது பணிமனைப் பரிசோதனையில் பிடிபட வேண்டிய விஷயம்.

கேள்வி: தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி ஏன் இல்லை?

ஜல்லி இருந்தால் அடிக்கடி இறுக்க வேண்டும், தூசு பறக்கும். உள்ளே மூடி வேலை செய்யக் கிடைப்பதோ சில இரவுகள்தான். அதனால் ரப்பர் காலணி மாட்டிய கான்கிரீட் கட்டைகளை நிறுத்தி, தண்டவாளத்தைத் துல்லியமாக அமைத்த பிறகு சுற்றிலும் கான்கிரீட் ஊற்றிவிடுகிறார்கள். ஊற்றிய பின் மில்லிமீட்டர்தான் திருத்தலாம். உள்ளே ஆண்டு முழுவதும் வெப்பம் ஒரே மாதிரி, தண்டவாளம் நீளுவதில்லை. தொல்லை வாசலுக்கு அருகில்தான், வெளிக்குளிரும் உள்சூடும் சந்திக்கும் இடத்தில்.

கேள்வி: காது அடைக்குமா?

அழுத்தக் காப்புள்ள பெட்டியில் பெரிதாகத் தெரியாது. பழைய பெட்டி என்றால் வாசலில் நுழையும்போது தெரியும்.

கேள்வி: கட்டி முடித்த பிறகு பராமரிப்பில் எது அதிகம் தொல்லை தரும்?

பெரும்பாலோர் மின்சாரம், சிக்னல் என்று நினைப்பார்கள். வடிகாலில் படியும் சுண்ணாம்பு என்பது எங்கள் பதில். 2,000 மீட்டர் நீரழுத்தத்தை எந்தக் கான்கிரீட் சுவரும் தாங்காது. ஆகவே தெளிப்புக் கான்கிரீட்டுக்கும் குறைந்தது 30 செ.மீ. தடிமனுள்ள உட்சுவருக்கும் நடுவில் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்தி, நீரை இரு ஓரமும் உள்ள துளைக்குழாய்களுக்கு இறக்குகிறார்கள். அந்த நீர் கான்கிரீட்டிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும். குழாயில் காற்று பட்டதும் கல்லாகப் படியும். விட்டுவிட்டால் குழாய் அடைத்து, நீர் சுவருக்குப் பின்னால் ஏறி அழுத்தத் தொடங்கும். உயரழுத்த நீர்ப்பீச்சால் அவ்வப்போது உடைத்து எடுக்கிறார்கள். படியாமல் தடுக்கும் வேதிப்பொருளைச் சொட்டு சொட்டாக விடுவதும் உண்டு. குழாயைப் பார்த்துச் சுத்தம் செய்வதற்கான ஆய்வுக் குழிகளை நெருக்கமாக வைக்காமல் மிச்சம் பிடித்தவர்கள் பின்னால் அதைவிடப் பல மடங்கு செலவழிப்பார்கள்.

அடுத்தது தூசு. பிரேக்கிலும் சக்கரத்திலும் தேயும் இரும்புத்தூள் ஈரச்சூடான காற்றில் மிதந்து மின்பெட்டிகளுக்குள் புகும். அதனால் முக்கியமான கருவிகளைக் குழாயில் வைக்காமல் குறுக்குப் பாதைகளில் மூடி, குளிர்வித்து வைக்கிறார்கள். ரயில் இருக்கும் இடத்தை அறிய ஆக்சில் எண்ணும் கருவிகள், ஓட்டுநருக்குச் சிக்னல் இன்ஜின் திரையிலேயே ரேடியோ வழியாக. கம்பம் நட்டு விளக்கு வைத்தால் அதையும் துடைக்க ஆள் போக வேண்டுமே.

கேள்வி: எத்தனை ஆண்டு நிலைக்கும்?

கட்டுமானத்துக்கு 100 ஆண்டு என்று வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். கதவு, மின்விசிறி, கேபிள், சிக்னல் கருவிகள் அதற்குள் பலமுறை மாறும். தண்டவாளம் தேய்மானத்தைப் பொறுத்து. சுவருக்குப் பின்னால் உள்ள பிளாஸ்டிக் விரிப்பை மட்டும் மாற்ற வழியில்லை. ஆகவே ஒட்டும் தையல் ஒவ்வொன்றையும் காற்றழுத்தம் வைத்துச் சோதித்த பிறகே அதன் மேல் கான்கிரீட் ஊற்ற அனுமதிப்பார்கள்.